வேலை கேள்வி–பதில்: சேனலில் இருந்து கம்பெனிக்கு

கேள்வி: தமிழ் செய்தி சேனல் ஒன்றில் பல வருடங்களாக ரிப்போர்ட்டர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. என்ன தயார் செய்வது? மீடியா நட்பு வட்டம் கைகொடுக்குமா? – வாசகர், சென்னை

பதில்: கைகொடுக்கும். ஆனால் சேனல்காரர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்வதும் அந்த வட்டத்தால்தான்.

காலாண்டு நிதி முடிவுகளுக்கான போர்டு மீட்டிங் மதியம் 1 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி 1.30-க்குள் அறிவிப்பு பங்குச் சந்தைகளுக்குப் போயாக வேண்டும். (சந்தை நேரம் முடிந்தபின் மீட்டிங் முடிந்தால் 3 மணி நேரம்.) 1.05-க்கே "ஃபிளாஷ் போட்டுக்கோ மச்சி" என்று பழைய டெஸ்க்குக்கு வாட்ஸ்அப் தட்டினால், அது இன்சைடர் டிரேடிங் (வெளிவராத உள்தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம்) விவகாரம். எண்களுக்கு இடம் விட்டு பிரஸ் ரிலீஸை முந்தின நாளே எழுதி, லீகலிலும் கம்பெனி செகரட்டரியிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எண்களை நிரப்பியதும் செகரட்டரி மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். சந்தையின் இணையதளத்தில் அறிவிப்பைக் கண்ணால் பார்த்த பிறகே மீடியாவுக்கு மெயில்.

இந்த வேலையில் உங்கள் பெயரும் பெரும்பாலும் உள்தகவல் அறிந்தவர்கள் பட்டியலில் ஏறும். காலாண்டு முடிந்ததிலிருந்து, முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அந்தக் கம்பெனிப் பங்கைத் தொடக் கூடாது. வாழ்க்கைத் துணையின் டீமேட் கணக்குக்கும் இதே கட்டுப்பாடுதான்.

இன்டர்வியூவுக்கு ஷோரீல் வேண்டாம். பிடிசியில் (கேமராவைப் பார்த்துப் பேசும் பகுதியில்) நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. ஒரு பக்க பிரஸ் ரிலீஸைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக எழுதிக்கொண்டு போங்கள். கூடவே, தொழிற்சாலையில் தீ என்று கற்பனை செய்து, முதல் மணி நேரத்தில் தரக்கூடிய 5 வரி அறிக்கை: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, ஊழியர்கள் நிலை, உதவிக்கு யார் வந்திருக்கிறார்கள், அடுத்த தகவல் எப்போது. ரிப்போர்ட்டர் பழக்கத்தில் "மின்கசிவு காரணம்" என்று விரல் தானாக டைப் செய்யும். அதை நீக்குங்கள். விசாரணைக்கு முன்பே கம்பெனி காரணம் சொன்னால், இன்சூரன்ஸ் கிளெய்மில் அதே வரி எதிராக நிற்கும்.

ஆஃபர் கைக்கு வந்ததும், இப்போதைய சேனலில் அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட செய்திகளை வேறு ரிப்போர்ட்டருக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனியின் கம்யூனிகேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எம்.டி.க்கு டிவி பேட்டி என்றாலே நடுக்கம். எப்படிப் பழக்குவது? – முன்னாள் செய்தி வாசிப்பாளர், கோவை

பதில்: இங்கேதான் உங்கள் அனுபவத்துக்கு விலை. சங்கடமான 10 கேள்விகளை எழுதி, செல்போனில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள். ஒரு பதில் 20 விநாடிக்குள் முடியட்டும். நீட்டினால் எடிட்டர் எங்கே வெட்டுவார் என்பது உங்களுக்கே தெரியும். சுழல் நாற்காலியை வெளியே தள்ளுங்கள், பதற்றத்தில் ஆடிக்கொண்டே இருப்பார். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும். ஏசி இரைந்தால் பதிவின்போது அணைத்துவிடுங்கள். "ஆஃப் த ரெகார்ட்" என்று அவர் ஆரம்பித்தால் உடனே குறுக்கிடுங்கள். சட்டையில் குத்திய மைக் இன்னும் ஆனில் இருக்கும்.