உபுண்டுவில் லேசர்ஜெட் 1020 தெரிகிறது, ஆனால் பிரிண்ட் வரவில்லை, ஏன்?

பிரிண்டர் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். அந்த மாடல் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் யூஎஸ்பி வழியாக அதை ஏற்றிவிட வேண்டும், விண்டோஸில் டிரைவரே இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் எச்பி பிரிண்டர்களுக்கான டிரைவர் தொகுப்பான எச்பிலிப் மட்டும் போதாது. எச்பி தனியாகத் தரும் பிளகின் என்ற துணை மென்பொருளும் வேண்டும், மூலநிரல் திறக்கப்படாதது என்பதால் அது எச்பிலிப்போடு சேர்ந்து வராது. நெட் இணைப்போடு டெர்மினலில் எச்பி-பிளகின் கட்டளையை (ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் சிறுகோடு) ஓட்டுங்கள், அதுவே இறக்கிக்கொள்ளும். அப்புறம் பிரிண்டரை அணைத்து மறுபடி போடுங்கள்.

இன்னொன்று, பிளகின் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். உபுண்டுவை அப்டேட் செய்ததும் பிரிண்டர் திடீரென்று மக்கர் பண்ணினால், எதையும் கழற்றி மாட்டாமல் முதலில் அதே கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.