பிளம்ஸ், தக்காளி, மெத்தென்ற சீஸ்: மலைக் கோடைக்கு ஒரு சாலட்

கொடைக்கானல் பக்கம் பிளம்ஸும் பீச்சும் கூடைகூடையாகச் சாலையோரம் வந்து உட்காரும் காலம் இது. பழத்தோடு தக்காளியும் சீஸும் சேர்க்கும் சாலட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பழமும் தக்காளியும் நறுக்கி, மேலே சீஸ் வைத்து, உப்பு போட்டு எலுமிச்சை பிழிகிறேன். மேஜைக்குக் கொண்டுவருவதற்குள் தட்டு முழுக்க இளஞ்சிவப்பாகத் தண்ணீர் விட்டு, சீஸ் அதில் ஊறிப்போய்விடுகிறது. எங்கே தப்பு? (வாசகி, பெருமாள்மலை)

உப்பு போட்ட நேரத்தில்தான். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். பிளம்ஸ், பீச் இரண்டிலும் 90-ஐ ஒட்டி இருக்கும். வெட்டிய இடத்தில் உப்பு பட்டதுமே உள்ளிருக்கும் நீர் வெளியே வரத் தொடங்கிவிடும். சர்க்கரை தூவினாலும் இதே கதைதான். தக்காளி நீர் விடுவதைத் தடுக்க முடியாது. சீஸ் தட்டுக்கு வருவதற்கு முன்பே அதை விடவைத்துவிடலாம்.

நான்கு பேருக்கான அளவு: தக்காளி 400 கிராம், பிளம்ஸ் ஐந்தாறு அல்லது பீச் மூன்று (சுமார் 300 கிராம்), மெத்தென்ற சீஸ் 200 கிராம் (வீட்டில் செய்யும் முறை கீழே), எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், உப்பு, மிளகு.

தக்காளியைக் கட்டைவிரல் பருமனுக்குத் துண்டு போடுங்கள். அரை டீஸ்பூன் உப்பைப் பிசறி, கண் வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து 15 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் சாறு சேரும். அதைக் கொட்டிவிடாதீர்கள், சாலட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது. அதில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து எலுமிச்சைச் சாறு சேர்த்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முள்கரண்டியால் அடித்தால் சற்றே கெட்டியான டிரெஸ்ஸிங் கிடைக்கும். ஏற்கெனவே உப்பு இறங்கிய சாறு என்பதால் இதற்குத் தனி உப்பு வேண்டாம்.

பழத்தை நறுக்குவது பரிமாறுவதற்குச் சற்று முன்னால். ஒரு பிளம்ஸ் எட்டுத் துண்டு. வடிந்த தக்காளியையும் பழத்தையும் டிரெஸ்ஸிங்கில் ஒருமுறை புரட்டி, தட்டில் பரப்புங்கள். சீஸைக் கடைசியாக, ஸ்பூனால் அள்ளி அங்கங்கே வையுங்கள். அதன் தலையில் ஒரு சிட்டிகை உப்பு, நுணுக்கிய மிளகு, நாலு சொட்டு எண்ணெய். சீஸின் மேல் நேராக எலுமிச்சை பிழியக் கூடாது. புளிப்பு பட்ட இடத்தில் கிரீம் திரிந்து பொடிப்பொடியாக நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கத்தி. மொண்ணைக் கத்தி தக்காளித் தோலில் முதலில் வழுக்கும், பிறகு அமுக்கும். தோல் கிழிவதற்குள் உள்ளே சதை நசுங்கி, விதையும் சாறும் பலகையில் ஓடியிருக்கும். வெட்டிய முகம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் கத்தி சரி. நார்நாராக, சொரசொரவென்று இருந்தால் தீட்ட வேண்டும். ரொட்டி அறுக்கும் பல்கத்தி இருந்தால் அதுவே போதும்.

தண்ணீர் விடுகிறதே என்று விதைப் பகுதியை வழித்து எறிகிறவர்கள் உண்டு. அந்த வழவழப்பில்தான் தக்காளியின் புளிப்பும் சுவையும் அதிகம். எறிந்துவிட்டால் மிஞ்சுவது சிவப்பு நிறம்தான்.

கேள்வி: சாலட்டுக்கு எந்தத் தக்காளி? நாட்டுத் தக்காளி போடலாமா? (வாசகர், வத்தலக்குண்டு)

நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா. தோல் மெல்லிசு, புளிப்பு தூக்கல், சதை குறைவு. முழுக்க அதையே போட்டால் சாலட் குழைந்துவிடும். கெட்டியான ஹைபிரிட் தக்காளியில் சதை உண்டு, வாசனை போதாது. முக்கால் பங்கு ஹைபிரிட், கால் பங்கு நாட்டுத் தக்காளி என்று கலந்தால் இரண்டின் குறையும் தீரும். மலையில் பசுமைக்குடிலில் விளையும் செர்ரித் தக்காளி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பாதியாக வெட்டினால் போதும்.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வரும் தக்காளி பெரும்பாலும் செங்காயாகத்தான் இருக்கும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மூன்று நாள் வைத்துப் பழுக்கவிடுங்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி வாசனையை இழக்கும். பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது.

கேள்வி: ஓட்டல்களில் புர்ராட்டா என்று ஒரு சீஸ் வைத்துத் தருகிறார்கள். வெட்டினால் உள்ளிருந்து கிரீம் வழிகிறது. இங்கே கடையில் கிடைக்கவில்லை. வீட்டில் செய்ய முடியுமா? (வாசகி, கொடைக்கானல்)

புர்ராட்டா இத்தாலியின் தெற்கே, புலியா பகுதியின் ஆந்த்ரியா ஊர்ச் சரக்கு. வெளியே மொசரெல்லாப் பை; உள்ளே பிய்த்துப் போட்ட மொசரெல்லா இழையும் கிரீமும். அந்தப் பை வரவேண்டுமானால் பாலை ரென்னெட் (பாலை உறையவைக்கும் நொதி) போட்டு உறையவைத்து, தயிர்க்கட்டியை வெந்நீரில் இழுத்து நீட்ட வேண்டும். எலுமிச்சை விட்டுத் திரித்த பாலில் அந்த இழுவை ஒருநாளும் வராது. எவ்வளவு பிசைந்தாலும் உதிரும். ஆகவே பையை விட்டுவிடுவோம். உள்ளே இருக்கும் அந்தக் குழைவை மட்டும் வீட்டில் நன்றாகவே கொண்டுவரலாம். சாலட்டுக்கு வேண்டியதும் அதுதான்.

கொழுப்புள்ள பால் 1 லிட்டர் (ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, அது பொருந்தும், நீல பாக்கெட்டின் 3 சதவீதம் போதாது), ஃபிரெஷ் கிரீம் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் பாலையும் 50 மில்லி கிரீமையும் ஊற்றி, மிதமான தீயில், அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே காய்ச்சுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக ருசி ஏறும். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரிசை கட்டி, மேலே ஆவி பறந்து, ஆடை லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது பால் 85 முதல் 90 டிகிரியில் இருக்கும். அடுப்பை அணையுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழுக்கும் பொங்கலுக்கும் இடையே சமவெளியில் இருக்கும் அவகாசம் இங்கே இல்லை. பாலை விட்டுவிட்டு நகராதீர்கள்.

எலுமிச்சைத் தண்ணீரில் பாதியைப் பரவலாக விட்டு, கரண்டியால் இரண்டே சுற்று. இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். திரி (திரிந்த பால்கட்டி) ஒரு பக்கமும் இளம்பச்சையாகத் தெளிந்த நீர் ஒரு பக்கமும் பிரிந்திருந்தால் அதோடு நிறுத்துங்கள். நீர் இன்னும் பால்வெள்ளையாக இருந்தால் மட்டும் மீதியை ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். எல்லாரும் தவறுகிற இடம் இதுதான். பன்னீர் பழக்கத்தில் மொத்த எலுமிச்சையையும் கொதிக்கும் பாலில் கொட்டி, தொடர்ந்து கிண்டுவார்கள். அதிகப் புளிப்பும் அதிகச் சூடும் சேர்ந்து திரியை இறுக்கிவிடும். வாயில் போட்டால் ரப்பர்.

மெல்லிய வேட்டித் துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி 10 முதல் 15 நிமிடம் வடியவிடுங்கள். பிழியக் கூடாது, மேலே கனம் வைக்கக் கூடாது. ஸ்பூனால் அள்ளினால் குவியலாக நிற்க வேண்டும், ஆனால் பளபளவென்று ஈரமாக இருக்க வேண்டும். அந்த நிலையில் துணியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அசட்டையாக விட்டால் உதிரிப் பன்னீர்தான் மிஞ்சும். அப்படி ஆகிவிட்டால் வடிந்த நீரையே இரண்டு ஸ்பூன் திரும்ப விட்டுக் கலக்கினால் ஓரளவு மீட்கலாம். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் உப்பும் மீதி 50 மில்லி கிரீமும் சேர்த்து முள்கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும், திரிதிரியாக இருப்பதுதான் அழகு. கிரீமோடு சேர்த்து சுமார் 250 கிராம் வரும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் வரும் பாலில் இதைச் செய்யாதீர்கள். மிகுந்த சூட்டில் பதப்படுத்தியது அது. திரி பெரிதாகக் கட்டாமல் மாவுபோல் வந்து துணியில் அப்பிக்கொள்ளும்.

கேள்வி: சீஸுக்குப் பதில் தயிர்? (வாசகர், தாண்டிக்குடி)

தாராளமாக. புளிக்காத கெட்டித் தயிர் 500 கிராமைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜிலேயே 6 மணி நேரம் தொங்கவிட்டால் 200 முதல் 250 கிராம் கிடைக்கும். தயிரே புளிப்பு என்பதால் டிரெஸ்ஸிங்கில் எலுமிச்சையைப் பாதியாக்குங்கள். மலைக் குளிரில் தயிர் உறைய நேரமெடுக்கும். பொறுமையிழந்து உறைமோரைக் கூட்டினால் புளித்துத்தான் போகும். உறை அளவை மாற்றாமல், வெதுவெதுப்பான பாலில் சேர்த்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றியோ ஹாட்பேக்கில் வைத்தோ 10, 12 மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் வாங்கிவந்த பீச் ஃபிரிட்ஜில் நான்கு நாள் இருந்தது. வெட்டினால் உள்ளே பழுப்பாக, மாவாக இருக்கிறது. கெட்ட பழத்தைக் கொடுத்துவிட்டார்களா? (வாசகி, திண்டுக்கல்)

பழத்தின் மேல் பழி இல்லை. காயாக இருக்கும்போதே குளிரில் வைத்ததன் விளைவு அது. பழுக்காத பீச் வீட்டு ஃபிரிட்ஜின் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் நாள்கணக்கில் இருந்தால், பிறகு சாறு பிடிக்கும்படி பழுக்கவே செய்யாது. சதை மாவாகி, கொட்டையைச் சுற்றிக் கறுக்கும். பிளம்ஸிலும் இந்தத் தொல்லை உண்டு. வாங்கிவந்ததும் தாள் பையில், ஒன்றின் மேல் ஒன்று அழுத்தாமல், வெளியே வையுங்கள். சமவெளி வெயிலில் ஒன்றிரண்டு நாளிலும், மலையில் மூன்று நான்கு நாளிலும் பழுக்கும். காம்புக்குழியைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தினால் இடம் கொடுக்க வேண்டும், முகர்ந்தால் வாசனை வர வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், வெயில் பட்ட பக்கம் காயிலேயே சிவந்துவிடும். பழுத்தபின் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் வைக்கலாம், ஆனால் சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். ஜில்லென்று இருந்தால் இனிப்பு நாக்குக்கு எட்டாது.

பீச்சின் பூனைமயிரை ஈரத்துணியால் தேய்த்தாலே போகும். தோலே வேண்டாம் என்றால் கொதிநீரில் முக்கால் நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் எடுத்தால் உரிந்துவரும். பிளம்ஸ் தோலை உரிக்காதீர்கள், அதன் புளிப்புதான் சீஸின் கொழுப்பை வெட்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் விளையும் மலைவாழை, பட்டர் ஃப்ரூட், தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), மரத்தக்காளி இவற்றையும் சேர்க்கலாமா? அன்னாசி போட்டபோது சீஸ் கசந்துவிட்டது. (வாசகர், பண்ணைக்காடு)

அன்னாசியிலிருந்து தொடங்குவோம். சூடேற்றாத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பால்புரதம் துண்டுபடும்போது கசப்பு வரும், சீஸும் நீர்த்துப்போகும். அன்னாசி வேண்டுமென்றால் துண்டுகளைத் தவாவில் நான்கைந்து நிமிடம், உள்வரை சூடேறும்படி சுட்டு, ஆறவைத்துப் போடுங்கள். சூட்டில் அந்த நொதி செத்துவிடும்.

தாட்பூட் பழம் அருமையான பொருத்தம். இரண்டு பழத்தின் சாறை விதையோடு எடுத்து, எலுமிச்சைக்குப் பதிலாக டிரெஸ்ஸிங்கில் சேருங்கள். மரத்தக்காளியின் தோல் கசக்கும். ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு உரித்து, ஒரே ஒரு பழம் மெல்லிய வில்லைகளாகப் போதும். பட்டர் ஃப்ரூட் போட்டால் சீஸைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டும் கொழுப்பு. மலைவாழையில் ஈரம் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அது தோதாக இருப்பதே அதனால்தான். தட்டில் தண்ணீர் விடாது என்றாலும், அந்த மாவு இனிப்பு தக்காளியோடு ஒட்டவில்லை என்பதே எங்கள் எண்ணம். அதைப் பஞ்சாமிர்தத்துக்கே விட்டுவிடலாம்.

கேள்வி: பேசில் இலை கிடைக்கவில்லை. ஆலிவ் எண்ணெய்க்கு மாற்று உண்டா? (வாசகி, பழனி)

திருநீற்றுப்பச்சிலை பேசிலின் அதே இனம்தான். வாசனை இன்னும் காட்டம், ஆகவே பாதி அளவு: நான்கு பேருக்கு ஏழெட்டு இலை, கடைசி நிமிடத்தில் கையால் கிள்ளிப் போடுங்கள். முன்கூட்டியே நறுக்கினால் கறுத்துவிடும். எண்ணெயில், செக்கு நல்லெண்ணெய் ஒரு பங்கு, வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் இரண்டு பங்கு. நல்லெண்ணெய் மட்டும் விட்டால் எள் வாசனை பிளம்ஸை அமுக்கிவிடும். பூண்டு சேர்ப்பதென்றால், கொடைக்கானல் மலைப்பூண்டின் ஒரு பல்லை வெட்டிப் பாத்திரத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். காரம் அதிகம், நறுக்கிப் போடத் தேவையில்லை.

கேள்வி: சீஸ் வடித்த நீரை என்ன செய்வது? (வாசகி, கொடைக்கானல்)

1 லிட்டர் பாலில் முக்கால் லிட்டர் அளவுக்கு நீர் வரும். சப்பாத்தி மாவு பிசைய ஊற்றுங்கள், மிருதுவாக வரும். ரசத்துக்குத் தண்ணீருக்குப் பதில் விட்டால் புளியை அதற்கேற்பக் குறையுங்கள். மூடிய பாத்திரத்தில், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும்.