சாட்டின் வைத்தும் முடி சுருண்டுவிடுகிறதே, ஏன்?

கேள்வி: நான் லண்டன் டூட்டிங்கில் இருக்கிறேன். பெக்கமில் இருக்கும் என் தோழி நைஜீரிய வம்சாவளி. அவளைப் போல ரசாயனம் போடாமல் இயற்கைச் சுருள்முடியோடு இருக்கும் கறுப்பினப் பெண்களுக்காக இருவரும் சேர்ந்து ஸ்டைலான மழைக்கோட்டு ஒன்றை வடிவமைத்தோம். வெளியே பூச்சுப் போட்ட நைலான், ஹூடுக்குள் முடி உரசாமலிருக்க பாலியெஸ்டர் சாட்டின் லைனிங் கொடுத்தோம். சாம்பிளைப் போட்டுப் பார்த்ததில் ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாப் போவதற்குள், சூடு வைத்து அவள் நேராக்கியிருந்த முடி வேரோரம் சுருண்டுவிட்டது. நீர்த்தடுப்பு எண் 10,000 மி.மீ. உள்ள துணிக்கு மாறினால் சரியாகும் என்கிறார் தொழிற்சாலை ஏஜென்ட். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாறலாமா?

பதில்: வேண்டாம். சொட்டுகூட உள்ளே வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வராத தண்ணீரைத் தடுக்க எதற்கு இரண்டு மடங்கு விலை?

உங்கள் தோழியின் முடியைக் கெடுத்தது வானத்திலிருந்து வந்த தண்ணீர் இல்லை, அவர் தலையிலிருந்தே கிளம்பிய ஆவி. நடந்தால் தலை சூடாகும், வியர்க்கும். வெளியே பூச்சுப் போட்ட நைலான், உள்ளே பாலியெஸ்டர் சாட்டின். இரண்டும் ஈரத்தை உறிஞ்சாது, ஆவியையும் எளிதில் வெளியே விடாது. சூடு வைத்து முடியை நேராக்குவது தற்காலிகம்தான். முடிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பிணைப்புகள் அந்தச் சூட்டில் பிரிந்து வேறு மாதிரி சேர்ந்திருக்கும். கொஞ்சம் ஈரக் காற்று பட்டால் போதும், பழையபடி சுருண்டுகொள்ளும். ட்விஸ்ட் போட்டு, அதாவது இரண்டிரண்டு பிரியாக முறுக்கி வைத்துப் பிரித்துவிட்ட முடிக்கும் இதே கதைதான்.

அந்த 10,000 என்பது என்ன? துணியின் மேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் அது தாங்கும் என்று அர்த்தம். லண்டன் தூறலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இது எதற்கு? அதுவும் சோதனை பெரும்பாலும் தைக்காத வெறும் துணியில் செய்தது. ஊசி போன ஓட்டைக்கு அந்த எண் பொருந்தாது. ஏஜென்ட் சர்டிஃபிகேட்டை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது துணிக்கா, டேப் ஒட்டிய தையலுக்கா?" பல பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். அடுத்து "சில்க் சாட்டின்" என்று விலை ஏற்றுவார்கள். சாட்டின் என்பது நெசவு, பட்டோ பாலியெஸ்டரோ எதிலும் நெய்யலாம். என்ன இழை என்று எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்தில் இழை விவரம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வேலைக்கு நல்ல பாலியெஸ்டர் சாட்டினே போதும். நனைந்து நனைந்து காய வேண்டிய இடத்தில் பட்டு சீக்கிரம் கெடும்.

துணிக்குத் தரவிருந்த பணத்தை பேட்டர்னுக்கு, அதாவது துணி வெட்டும் மாதிரிக்குச் செலவிடுங்கள். கடையில் கிடைக்கும் ஹூட் பேட்டர்ன்கள் பெரும்பாலும் படிந்த முடியுள்ள தலைக்குப் போட்டவை. அளவு அட்டவணையில் தலைச் சுற்றளவு இருக்கும், முடியின் கனம் இருக்காது. இந்தத் துறையே இப்படித்தான். லண்டன் நிறுவனமான சோல் கேப், ஆஃப்ரோவும் ஜடைகளும் அடங்கும் நீச்சல் தொப்பியைச் செய்தது. 2021இல் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு, அது "தலையின் இயற்கை வடிவத்தை" ஒட்டி இல்லை என்று போட்டிகளில் அணிய அனுமதி மறுத்தது. யாருடைய தலை? ஊரே கத்திய பிறகு 2022இல் அனுமதித்தார்கள். அட்டவணையைத் திருத்தச் சொல்லிக் காத்திருந்தால் உங்கள் கோட்டு வெளியே வராது. நீங்களே அளவெடுங்கள். முடியை அலங்கரித்த பிறகு, அளவு டேப்பை அழுத்தாமல், நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை ஒன்று, காதுக்கு மேலே சுற்றி ஒன்று. ஆஃப்ரோ, உச்சிக் கொண்டை, ஜடை என்று தோழியின் தோழிகளிடமும் எடுங்கள்.

ஹூடை இரண்டு துண்டாக வெட்டாதீர்கள். நடு உச்சியில் தையல் வந்து முடியை அமுக்கும். நடுவில் அகலப் பட்டையும் இருபுறம் இரண்டு துண்டும் வைத்து மூன்று துண்டாக வெட்டுங்கள். அந்தப் பட்டை பின்பக்கம் முடியும் இடத்தில் ஒரு மடிப்பின் அடியில் வலைத்துணி வைத்தால் ஆவி வெளியேறும், மழை உள்ளே வராது. உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இந்த ஒரு மடிப்புதான். லைனிங்கைத் துணியோடு ஒட்டாமல் தளரத் தொங்கவிடுங்கள். நெற்றியோரத்தில் எலாஸ்டிக் வேண்டாம். அங்கே முடி மெல்லியது, உரசி உரசியே உதிரும். முன்னால் விறைப்பான விளிம்பு வைத்தால் ஹூட் தானாகவே முகத்தை விட்டுத் தள்ளி நிற்கும். வெல்க்ரோவை ஹூட் பக்கமே கொண்டுவராதீர்கள். பிராண்ட் லேபிளைப் பிடரியில் தைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், முடி சிக்கும். இடுப்பு வரை ஜடை போட்டவர்களுக்கு முதுகில் ஒரு பெட்டி மடிப்பு. அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி கோட்டு போடும் ஆசை இருந்தால் ஒரு விஷயம். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பெரியவர்களின் ஹூடில் இழுக்கும் கயிறு வைக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்லை. குழந்தைகள் கோட்டில் கூடாது. ஹூடின் துணிக்குள் கயிறு ஓடும் குழந்தைகள் கோட்டுக்கு இங்கிலாந்தில் 1976இலிருந்தே தடை. கயிறு எங்காவது மாட்டிக் கழுத்து இறுகும் ஆபத்துக்காக வந்த சட்டம். ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுக்குக் கீழே கழுத்திலும் ஹூடிலும் கயிறே கூடாது என்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பினால் 12ஆம் அளவு வரை அதே கதை. "சும்மா அலங்காரக் கயிறுதானே, முடிச்சு போட்டுவிட்டால் போச்சு" என்பார் தொழிற்சாலைக்காரர். போகாது. அலங்காரக் கயிறும் கயிறுதான். பெரியவர்கள் பேட்டர்னை அப்படியே சுருக்கிக் குழந்தை அளவு செய்யும்போது இது கவனிக்காமல் உள்ளே வந்துவிடும். அதனால் பெரியவர்கள் கோட்டிலேயே கயிறுக்குப் பதில் பிரஸ் பட்டன் பட்டி வையுங்கள்.

அப்புறம், "உலகக் காப்புரிமை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது மெயில் அனுப்பினால் நீக்கிவிடுங்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. சாட்டின் வைத்த தொப்பிகளும் ஹூடுகளும் ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால் அந்த யோசனைக்கு மட்டும் காப்புரிமை கிடைப்பது கடினம். உங்கள் ஹூடின் தோற்றத்தை வேண்டுமானால் பிரிட்டனில் வடிவமைப்பாகப் பதியலாம். முதலில் வெளியே காட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் செய்யுங்கள். இடைத்தரகர் தேவையில்லை, நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

ஏஜென்டிடம் பழைய துணியிலேயே, மூன்று துண்டு ஹூடும் வலை மடிப்பும் வைத்து இரண்டாவது சாம்பிள் கேளுங்கள். வந்ததும் தோழியை, முடியை நேராக்கிய மறுநாள், மழை இல்லாத நாளிலேயே, அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் வேகமாக மேட்டில் நடக்கச் சொல்லுங்கள். மழையே இல்லாமல் வேர் சுருண்டால் மடிப்பை அகலமாக்குங்கள், துணியைத் தொடாதீர்கள்.