காந்தம் காட்டிப் போடும் நகப்பூச்சு: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போனபோது, சிறு காந்தத்தோடு சேர்த்து விற்கும் ‘கேட் ஐ’ நெயில் பாலிஷ் ஒன்றை வாங்கினேன். கடையில் காட்டிய மாதிரியில் நகத்தின் குறுக்கே பளிச்சென்று ஓர் ஒளிக்கோடு ஓடியது. நான் போட்டால் சற்று நேரத்தில் கோடு பரவி மங்கிவிடுகிறது. காந்தம் சரியில்லையா? மெரூன் பட்டுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்? மருதாணியை முதலில் வைக்க வேண்டுமா, பாலிஷையா?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: காந்தத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, பூசும் வரிசையைச் சற்று மாற்றிப் பாருங்கள். இந்தப் பாலிஷில் காந்தத்தால் இழுக்கப்படும் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கின்றன. பூச்சு ஈரமாக இருக்கும்போது காந்தத்தைக் காட்டினால், அவை ஒரே திசையில் அணிவகுத்து, வைடூரியக் கல்லில் தெரிவது போன்ற ஒளிக்கோட்டைத் தருகின்றன. ஈரம் இருக்கும்வரை துகள்கள் நகரும் என்பதால், காந்தத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் அவை மெல்லக் கலைந்து கோடு அகன்றுவிடும்.

அடிப்பூச்சான பேஸ் கோட் காய்ந்த பின் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, அதையும் நன்றாகக் காயவிடுங்கள். இரண்டாவது பூச்சைச் சற்றுத் தாராளமாக, ஒரே ஒரு நகத்தில் மட்டும் பூசி, உடனே காந்தத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில், நகத்தைத் தொடாமல் சாய்வாகப் பிடியுங்கள். பத்து விநாடியில் கோடு தெரிந்துவிடும். தெரிந்த உடனே எடுத்துவிடாமல், மேற்பரப்பு இறுகத் தொடங்கும்வரை இன்னும் சிறிது நேரம் அசையாமல் பிடித்திருப்பதில்தான் வெற்றி இருக்கிறது. அதன் பிறகே அடுத்த நகத்துக்குப் போக வேண்டும். ஐந்து நகத்துக்கும் பூசிவிட்டு அதன் பிறகு காந்தத்தைக் கையில் எடுப்பவர்களுக்குக் கடைசி நகத்தில் மட்டுமே கோடு விழும். மேற்பூச்சான டாப் கோட் பூசும்போது தூரிகையை அழுத்தாதீர்கள்; பூசியதும் மறுபடி ஒரு முறை காந்தத்தைக் காட்டினால் கோடு கூர்மையாகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஃபேனுக்கு நேர் கீழே உட்காரத் தோன்றும்; ஆனால் மேல்பகுதி மட்டும் முந்திக் காய்ந்து குமிழ் எழும் என்பதால் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

மெரூன் பட்டுக்கு அதைவிட ஒரு படி இருண்ட மெரூனில், சரிகையோடு சேரும் பொன்னிறக் கோடு ஓடுவது அழகு. அடியில் கறுப்புப் பூச்சு ஒன்று கொடுத்தால் கோடு இன்னும் துலங்கும். மருதாணியை முதலில் வையுங்கள். மருதாணியோடு பூசிய தைலத்தின் பிசுக்கு நகத்தில் இருந்தால் பாலிஷ் ஒட்டாது. ரிமூவர் தொட்ட பஞ்சுக் குச்சியால் நகத்தை மட்டும் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

கேள்வி: வீட்டில் தினமும் மீன் ஆய்வது நான்தான். சாதாரண பாலிஷ் இரண்டு நாள்கூட நிற்பதில்லை. பார்லரில் இதையே ஜெல்லாகப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: போட்டுக்கொள்ளலாம். கோடு விழுந்ததும் விளக்கொளியில் இறுக்கிவிடுவதால் ஜெல்லில் அது கலைவதில்லை. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்வதால், இரண்டு மூன்று வாரங்களில் அடியில் இடைவெளி தெரியும். அப்போது உரித்து எடுக்காதீர்கள். உரித்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் ஊறவைத்தே எடுக்க வேண்டும், அதையும் அடுப்பருகே செய்யக் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும்.

இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், அது வாழ்நாள் முழுவதும் தொடரவும் கூடும் என்பதால், நகத்தைச் சுற்றி அரித்தால் உடனே எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஜெல்லை இறுக்கச் சேர்க்கப்படும் டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. அது இல்லாத ஜெல்தானா என்று பார்லரில் கேட்டு, புட்டியை வாங்கிப் படித்துப் பாருங்கள்; தயங்க வேண்டாம். நகத்தைக் குட்டையாக வைத்து, நுனி விளிம்பிலும் ஒரு தடவை பூசச் சொல்லுங்கள். மீன் ஆயும்போது ரப்பர் கையுறை அவசியம்.

கேள்வி: ஐவேளையும் ஒளு செய்து தொழுகிறவள் நான். பெருநாள் விருந்துக்கு மட்டும் இதைப் போட ஆசை. வழி உண்டா?
- வாசகி, மண்ணடி

பதில்: உண்டு. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவில் தண்ணீர் நகத்தில் பட வேண்டும். பூச்சு நகத்தின் மேல் படலமாகப் படிந்து அதைத் தடுக்கும் என்பதால், இதே வேலைப்பாட்டோடு வரும் ஒட்டு நகங்களை வாங்குங்கள். பசைக் குழாயைத் தவிர்த்து, ஸ்டிக்கர் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களைச் சற்று நேரம் வைத்தால் அவை நெகிழ்ந்து வந்துவிடும். ஒட்டுப் பிசினையும் துடைத்தெடுத்துவிட்டு ஒளு செய்யலாம். ஒட்டும் முன் உங்கள் நகத்தின் அகலத்தோடு வைத்துப் பாருங்கள். பெரிதாக இருந்தால் ஓரத்தை அரத்தால் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.