பிள்ளைகளுக்குக் காரின் சிறு பழுதுகளைச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் பத்து ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 11. செலவைக் குறைக்கச் சிறு பழுதுகளை நாங்களே பார்க்க விரும்புகிறோம். பிள்ளைகளையும் இதில் ஈடுபடுத்தலாமா? எதில் தொடங்குவது? உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

ஈடுபடுத்தலாம், பணமும் மிச்சமாகும். ஆனால் வேலையை நாமே செய்வதால் மிச்சமாகும் கூலி சிறிய தொகைதான். மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்றாமல் விடும்போதுதான் பெரிய தொகை கையில் நிற்கிறது. ஆகவே, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், பழுது எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் பதில்.

நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். 2012இல் வாங்கிய வாகன்ஆர் கார் இன்றும் எங்களிடம் ஓடுகிறது. கணவர் வெளிநாட்டில் பணியாற்றுவதால் அதைப் பராமரிப்பது என் பொறுப்பாயிற்று. ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாதிருந்த காலத்தில், ஒரு நாள் காலை சாவியைத் திருப்பியபோது 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. தொலைபேசியிலேயே விவரம் கேட்ட ஒரு பட்டறையில், பேட்டரி போய்விட்டது, புதிதாகப் போட 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்த என் மகள் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து கிடந்ததைக் காட்டி, "இவ்வளவு பூத்துக் கிடந்தால் கரண்ட் எப்படிம்மா போகும்?" என்று கேட்டாள்.

தெருமுனையில் சிறு பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வந்து நின்று சொல்லச்சொல்ல, நாங்களே அதைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் உடலின் இரும்பைத் தொட்டால் பெரும் தீப்பொறி பறக்கும் என்று அவர் காரணத்தையும் சொன்னார். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசினோம். வண்டி கிளம்பியது, அதே பேட்டரி அதன்பின் 17 மாதங்கள் உழைத்தது.

அந்த வாரமே ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் அது நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பொருள். 12க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் வற்றிவிட்டது. என்ஜின் ஓடும்போது அளந்தால் ஏறக்குறைய 14 காட்ட வேண்டும். அப்படி ஏறவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு, என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கிறது, புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் வற்றிவிடும். இந்த மூன்று எண்களையும் என் பிள்ளைகள் இருவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இதற்குச் செலவிட்ட ஒரு மணி நேரத்தைவிடப் பயனுள்ள பாடத்தை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

உங்கள் மகளுக்கு 11 வயது என்பதால் டயர் காற்றில் தொடங்குங்கள். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவையொட்டி ஒட்டப்பட்ட தாளிலோ, காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும்; அதை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். வண்டி ஓடி டயர் சூடாகிவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், காலையில் வெளியே எடுப்பதற்கு முன்பே அளக்கச் சொல்லுங்கள். அடுத்து என்ஜின் ஆயில். சமமான தரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். அது பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கலந்திருக்க வாய்ப்புண்டு; உடனே வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மகன் ஒரு குறிப்பேட்டில் தேதி, கிலோமீட்டர், பார்த்தது, மாற்றியது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறான். போன சர்வீஸில்தான் ஏர் ஃபில்டர் மாற்றினோம், இன்னும் வேண்டாம் என்று பட்டறையில் அவனால் தேதியோடு சொல்ல முடிகிறது.

ஃபியூஸ் மாற்றுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலையாக இருக்கும், ஏனென்றால் அதில் துப்பறியும் சுவை இருக்கிறது. கைப்பேசி சார்ஜ் ஏற்றும் துளை ஒரு நாள் செத்துப்போயிற்று. ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பார்த்து மகள் உரியதைப் பிடுங்கி, உள்ளே கம்பி அறுந்திருப்பதை வெளிச்சத்தில் காட்டினாள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று நிறத்தாலேயே அடையாளம் காணலாம். அறுந்தது எந்த அளவோ அதே அளவைத்தான் போட வேண்டும். கூடுதல் ஆம்பியர் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் தீப்பிடிக்க வழி செய்வதாகும். ஏன் என்று அவர்களே சொல்லும் வரை விளக்குங்கள்.

நஷ்டம் வந்த கதையையும் நான் மறைக்கக் கூடாது. வைப்பர் ரப்பர் மாற்றுவது எளிதினும் எளிது என்று எண்ணி, மகனிடம் விட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். பழைய பிளேடைக் கழற்றியபின் வெறும் இரும்புக் கை மட்டும் தூக்கி நிற்கும். அதில் வலுவான ஸ்பிரிங் உண்டு. அவன் கைபட்டு அது பட்டென்று மடங்கிக் கண்ணாடியில் அடித்ததில், முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. அந்த ஆண்டு மிச்சம் பிடித்தது அத்தனையும் அந்தக் கண்ணாடியில் போயிற்று. அவன் அழுதான். தவறு என்னுடையது, மடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடிமேல் விரித்துக்கொள் என்று நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மறு வாரம் அவன் கையிலேயே அடுத்த பிளேடைக் கொடுத்து மாற்ற வைத்தேன், இம்முறை அருகிலேயே நின்றேன். எவ்வளவு சிறிய வேலையானாலும், முதல்முறை செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது எங்கள் வீட்டு விதி.

14 வயதுப் பையனுக்கு ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொடுங்கள். நெடுஞ்சாலையில் அல்ல, வீட்டு வாசலின் சமதளத்தில், பகலில். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட்டுப் பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும். பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை அளவு மீறி இறுக்கிவிடுவது வழக்கம். எங்கள் பையனால் முதலில் அசைக்கவே முடியவில்லை. வீல் ஸ்பேனரின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகியதும் நட்டு இளகியது. பள்ளியில் படித்த நெம்புகோல் தத்துவம் இதுதானா என்று அவன் வியந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டியை இறக்கியபின் முழுதாக இறுக்க வேண்டும். ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி சரிபார்ப்பதும் அவன் பொறுப்பாகட்டும்.

எதைத் தொடக்கூடாது என்பதை நான் இன்னும் கண்டிப்போடு கற்றுக்கொடுத்தேன். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கைகாலோ தலையோ ஒருபோதும் போகக் கூடாது. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது, ஏனென்றால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருந்து, மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். கூலன்ட் இனிப்பாக இருக்கும் ஆனால் நஞ்சு. சிந்தினால் உடனே கழுவ வேண்டும், தெருநாய்கூட நக்கிவிடக் கூடாது. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றை மெக்கானிக்குக்கே விட்டுவிடுகிறோம். அங்கே சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. வெள்ளத்தில் நின்ற காரை, நீர் வடிந்தபின் ஆசையாகக்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்து என்ஜினே போய்விடும்.

என்ஜின் ஆயில் மாற்றுவதை நாங்கள் ஒருமுறை வீட்டில் செய்துவிட்டுக் கைவிட்டோம். வண்டியைத் தூக்கி நிறுத்துவது பாதுகாப்பாக இல்லை, கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் மனம் வரவில்லை, கூலியோ சொற்பம். உத்தரவாதக் காலம் முடியாத காராக இருந்தால் இதையெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலேயே செய்வது நல்லது. பத்து ஆண்டுக் காருக்கு அந்தக் கவலை இல்லை.

பழுது பார்க்கத் தெரிந்த பையனுக்கு அடுத்து ஓட்டிப் பார்க்கத் தோன்றும் என்பதால் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. எங்கள் வீட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய சோதனை எதுவானாலும் ஓட்டுநர் இருக்கையில் நான்தான் அமர்வேன்.

தொடக்கத்தில் பெரிய கருவிப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். காற்று அளவி, மல்டிமீட்டர், 10 முதல் 14 மி.மீ. வரையிலான ஸ்பேனர்கள், ஒரு திருப்புளிச் செட், தடித்த கையுறை, மாற்று ஃபியூஸ் ஒரு பொட்டலம் இருந்தால் நான் மேலே சொன்ன வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றவற்றைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக, பிள்ளைகளையே கடைக்கு அழைத்துச் சென்று, விலை கேட்க வைத்து வாங்குங்கள்.