வாசகர் கேள்வி – பதில்: 24 செங்கல்லில் ஒரு விறகடுப்பு

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறத்தில் சிறிது திறந்தவெளி இருக்கிறது. வெந்நீர் போடவும், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைக்கவும், அதிகச் செலவில்லாமல் நானே ஒரு விறகடுப்புக் கட்ட விரும்புகிறேன். மூன்று கல் கூட்டி எரித்தால் புகை முழுவதும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகிறது. வேறு வழி உண்டா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உண்டு. புகை என்பது எரியாமல் வீணாகும் விறகுதான். திறந்த அடுப்பில் நாலாபுறமும் குளிர்காற்று புகுவதால், விறகிலிருந்து கிளம்பும் வாயு தீப்பற்றுவதற்குள் சூடு தணிந்து புகையாக வெளியேறிவிடுகிறது. ஒடுக்கமான, நிமிர்ந்த குழிக்குள் தீயை அடக்கினால் அந்த வாயுவும் அங்கேயே பெரும்பாலும் எரிந்துவிடும். 1982-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி வகுத்த ராக்கெட் அடுப்பின் அடிப்படை இதுவே.

9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள சூளைச் செங்கல் 24 போதும். நாலரைக் கல்லைப் பரப்பித் தளம் அமையுங்கள். அதன்மேல் நான்கு கற்களை, ஒன்றின் முனை அடுத்ததன் பக்கவாட்டில் முட்டும்படி சுற்றி வைத்தால், நடுவில் 4½ அங்குலச் சதுரக் குழி தானாக அமையும். முதல் இரண்டு வரிசைகளில் மட்டும், ஒரு பக்கத்து முழுக் கல்லை எடுத்துவிட்டு வெளிமூலையில் அரைக் கல் வைத்தால், குழிக்கு நேராக அடுப்பு வாய் திறந்துவிடும். அந்த இரு வரிசைகளுக்கும் இடையே, வாயின் குறுக்கே, காயலான் கடையில் வாங்கிய இரும்புத் தகடு ஒன்றைச் செருகுங்கள். விறகு தகட்டின்மேல்தான் இருக்க வேண்டும். கீழே உள்ள இடம் காற்றுக்கு உரியது, அங்கே ஒரு சுள்ளியைக்கூடத் திணிக்கக் கூடாது. இந்த அடுப்பின் உயிரே அந்தக் காற்றுவழிதான். துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம். கடும் சூட்டில் அதிலிருந்து நச்சுப்புகை வரும்.

வாய்க்கு மேலே ஓர் இரும்புப் பட்டையைத் தாங்கலாக வைத்து, மேலும் மூன்று வரிசைகளை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி அடுக்குங்கள். பூச்சுக்குக் களிமண்ணும் மணலும் சிறிது உமியும் போதும்; சிமெண்ட் பூச்சு சூட்டில் வெடித்துவிடும். உச்சியில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரத்தில் மூன்று குமிழ்கள் வையுங்கள். இடைவெளி குறைந்தால் தீ மூச்சுத் திணறும். கூடினால் சூடு சட்டியில் படாமல் போகும்.

உங்கள் பகுதியில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். ஆகவே வாயை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வையுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த சவுக்குச் சுள்ளிகளின் நுனி மட்டும் எரியும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். பெயிண்ட் அடித்த படகுப் பலகை, பிளைவுட் துண்டுகள் ஆகியவற்றை எரிக்காதீர்கள். பற்றவைக்கும்போது மட்டும் சிறிது புகை வரும். அதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: ஃபிளை ஆஷ் கல் (நிலக்கரிச் சாம்பலில் செய்த கல்) மலிவாகக் கிடைக்கிறது. அதில் அடுப்புக் கட்டலாமா?
— வாசகர், எண்ணூர்

பதில்: தளத்துக்குப் பயன்படுத்தலாம். தீ நேராகப் படும் இடத்தில் வேண்டாம். அது சூளையில் சுட்ட கல் அல்ல என்பதால், நாளடைவில் விரிசல் கண்டு உதிரும்.