கிளவுட் சர்வருக்குள் நுழைவது யார்?

கேள்வி: டர்பனில் நாங்கள் நடத்தும் சிறு சரக்கு நிறுவனத்தின் கணக்குகள் அமேசானின் கேப் டவுன் மையத்திலுள்ள லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. வீட்டிலிருந்து நுழையும் ஊழியர்களை எவ்வாறு கண்காணிப்பது?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்பரே, எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழைந்தால் எந்தப் பதிவேடும் உங்களுக்கு உதவாது, ஆகவே முதலில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், கைப்பேசிச் செயலி வழியான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கொடுங்கள். அடுத்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாயிலான 22ஆம் எண் போர்ட் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திறந்திருந்தால் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் கடவுச்சொற்களை முயன்றுகொண்டே இருக்கும். அதை மூடிவிட்டு, வெளியிலிருந்து நுழைய எந்தப் போர்ட்டையும் திறந்துவைக்கத் தேவையில்லாத, அமேசானின் செஷன் மேனேஜர் என்ற சேவை வழியாக ஊழியர்களை அனுமதிப்பதே என் உறுதியான பரிந்துரை. அவர்கள் தட்டச்சு செய்யும் கட்டளைகளையும் அதில் பதிவுசெய்ய வகையுண்டு.

அமேசானின் பதிவேட்டுச் சேவையான கிளவுட்டிரெயில், உங்கள் அமேசான் கணக்கின் நிர்வாகச் செயல்களை 90 நாட்கள் காட்டும்; அதற்கு மேல் வேண்டுமானால், அன்றாட நிர்வாகியால் அழிக்க முடியாத வேறொரு அமேசான் கணக்கில் சேமியுங்கள். வாடிக்கையாளர் விவரங்களுக்குத் தகுந்த பாதுகாப்பு அளிப்பது தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் தென்னாப்பிரிக்காவின் போப்பியா சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உங்கள் கடமை என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஊழியர் ஒருவர் விலகினால், அன்றைய தினமே அவருடைய கணக்கோடு அணுகல் சாவிகளையும் (கடவுச்சொல் இல்லாமலே நுழைய உதவும் ரகசியக் குறியீடுகள்) நீக்கிவிடுங்கள். சாவிகளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.